ஹாம்பர்க் துறைமுகத்தில் வசந்தகாலப் படங்கள்: எந்தக் கரையில், எந்த நேரத்தில் நிற்பது?

ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே இரண்டாம் வாரம் வரை ஹாம்பர்க்கில் தங்கப் போவதாகவும், அங்குள்ள படகுகளையும் கரையோரம் ஓய்வாகப் பொழுது கழிக்கும் மக்களையும் படமெடுக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா, 24-105, 70-300 மில்லிமீட்டர் என்று இரண்டு லென்ஸ்கள். முன்பு வேறொரு துறைமுகத்தில் எடுத்த படங்கள் எல்லாம் வாழ்த்து அட்டை போல வந்துவிட்டன, அவற்றில் உயிர் இல்லை, இம்முறை என்ன செய்யலாம் என்பது உங்கள் கேள்வி. உங்கள் கருவிகள் தாராளமாகப் போதும். ஹாம்பர்க்கைப் பொறுத்தவரை படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: எந்தக் கரையில் நிற்கிறீர்கள், ஆற்றில் நீர் ஏறுகிறதா வற்றுகிறதா, சட்டகத்துக்குள் படகோடு சேர்ந்து ஒரு மனிதர் இருக்கிறாரா. இந்த மூன்றையும் ஒட்டியே பதில் சொல்கிறேன்.

ஹாம்பர்க் கடற்கரை நகரம் அன்று. கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, எல்பே ஆற்றின் மீது அமைந்த துறைமுகம் அது. ஆறு இங்கே ஏறக்குறைய கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. நகரமும், லாண்டுங்ஸ்ப்ரூக்கன் என்ற பயணிகள் படகுத்துறையும், நடைபாதைகளும், உணவுக்கடைகளும் வடகரையில். கப்பல் பழுதுபார்க்கும் மிதவைத் தளங்களும் பாரந்தூக்கிகளும் கன்டெய்னர் முனையங்களும் தென்கரையில். வந்திறங்கும் எவரும் முதலில் வடகரையில் நின்று தெற்கு நோக்கிப் படமெடுக்கத் தொடங்குவார்கள். ஆனால் 53.5 பாகை வட அட்சத்தில் உள்ள அந்த ஊரில் பகலின் பெரும்பகுதியில் சூரியன் தெற்கில்தான் நிற்கிறது. சென்னையில் போலத் தலைக்கு மேல் ஏறி வருவதில்லை. கோடைகால நேரக் கணக்கின்படி பகல் ஒன்றேகால் மணியளவில்தான் அங்கே உச்சிப்பொழுது. ஆகவே காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் லாண்டுங்ஸ்ப்ரூக்கனில் நின்று எடுக்கும் படங்களில் வானம் வெளுத்தும், தண்ணீர் கண்ணைக் கூசச் செய்தும், படகுகள் கறுத்தும் போகின்றன. பொருளின் பின்னாலிருந்து வரும் எதிரொளியை வேண்டுமென்றே பயன்படுத்துவது வேறு விஷயம். தெரியாமல் அதில் மாட்டிக்கொள்வதால்தான் பெரும்பாலான படங்கள் வீணாகின்றன.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் கணக்கு எளிமையானது. மே முதல் வாரத்தில் அங்கே சூரியன் காலை ஐந்தரை மணியளவில் வடகிழக்கில் உதித்து, எட்டு மணிக்குச் சற்றுப் பிறகு நேர் கிழக்குக்கு வருகிறது. மாலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு நேர் மேற்கைக் கடந்து, ஒன்பது மணிக்குச் சற்று முன்பு வடமேற்கில் மறைகிறது. அதாவது காலை எட்டு மணி வரையிலும் மாலை ஆறரைக்குப் பிறகும் சூரியன் வடபாதி வானத்தில் இருக்கிறது. அந்த நேரங்களில் வடகரையில் நிற்பவருக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தும் சற்றுப் பின்னாலிருந்தும் வருகிறது. இடைப்பட்ட பத்து மணி நேரமும் தென்கரைக்கு உரியவை.

தென்கரைக்குப் போவது கடினமில்லை. லாண்டுங்ஸ்ப்ரூக்கனின் மேற்கு முனையில் உள்ள குவிமாடக் கட்டிடத்துக்குள் நுழைந்தால், 1911இல் திறக்கப்பட்ட பழைய எல்பே சுரங்கப்பாதையின் மின்தூக்கிகளைக் காணலாம். ஏறக்குறைய 24 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, 426 மீட்டர் நீளமுள்ள ஓடு பதித்த குழாய்ப் பாதையில் ஆற்றுக்கு அடியில் நடந்து, ஷ்டைன்வெர்டர் என்ற பகுதியில் ஏறிவிடலாம். நடந்து போகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. வெளியே வந்ததும் சில நிமிட நடையில் ஒரு சிறிய காட்சிமேடை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முழு வடகரையும் வெயிலில் துலங்கும்: 1896இல் கட்டப்பட்ட பச்சை உடல் கொண்ட மூன்று பாய்மரக் கப்பலான ரிக்மர் ரிக்மர்ஸ், 1961ஆம் ஆண்டின் வெள்ளைச் சரக்குக் கப்பலான காப் சான் டியாகோ, பின்னால் புனித மிக்கேல் தேவாலயத்தின் 132 மீட்டர் கோபுரம், வலப்புறம் தள்ளி 2017இல் திறக்கப்பட்ட எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கு. அவற்றின் முன்னால் பயணிகள் படகுகளும் சுற்றுலாப் படகுகளும் இடைவிடாமல் குறுக்கிடுகின்றன. இங்கே 70-300 லென்ஸை மாட்டுங்கள். பரந்த காட்சியை ஒரு முறை எடுத்துவிட்டு விட்டுவிடலாம். அது எல்லோரிடமும் இருக்கிறது. அதற்குப் பதிலாக 200 மில்லிமீட்டர் அளவில், பெரிய கப்பலின் முன்முனைக்குக் கீழே ஒரு சிறு படகு கடக்கும் தருணத்துக்குக் காத்திருப்பது பயன் தரும். இரண்டு படகுகளின் பாய்மரக் கம்பங்கள் ஒன்றையொன்று மறைக்காமல், அவற்றுக்கு இடையே வானம் தெரியும் கணத்தில் எடுக்க வேண்டும். தொலைவுக் காட்சியில் ஒழுங்கு என்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அடுத்தது ஓதம். கடல் இவ்வளவு தொலைவில் இருந்தும் ஹாம்பர்க்கில் நீர்மட்டம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. வேறுபாடு மூன்றரை மீட்டருக்கும் மேல். தமிழகக் கடற்கரையில் பழகிய நமக்கு இந்த அளவு புதிது, ஏனெனில் சென்னையில் ஓத வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். லாண்டுங்ஸ்ப்ரூக்கனில் உள்ள மணிக்கூண்டு நேரத்தோடு நீர்மட்டத்தையும் காட்டுகிறது. வந்தவுடன் அதைப் பார்த்துவிடுங்கள். நீர் ஏறியிருக்கும்போது படகுகள் உங்கள் கண்மட்டத்துக்கு வருகின்றன, படகில் இருப்பவரின் முகத்தை நேராகப் பார்க்கலாம். நீர் வற்றும்போது நிலையான கற்சுவரின் மேல் நிற்கும் நீங்கள் படகைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். அப்போது தளத்தின் மரப்பலகைகள், சுருட்டி வைத்த கயிறுகள், காயப் போட்ட துணி ஆகியவை ஒரு வரைபடம்போலத் தெளிவாக அமையும். இரண்டும் நல்ல படங்களே, ஆனால் ஒரே இடத்தில் ஆறு மணி நேர இடைவெளியில் முற்றிலும் வேறான படங்கள் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து போக வேண்டும்.

ஓதத்தோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் உண்டு, முக்காலி கொண்டு போகிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. லாண்டுங்ஸ்ப்ரூக்கன் என்பது கரை அன்று. ஏறத்தாழ 700 மீட்டர் நீளத்துக்கு வரிசையாகப் பிணைக்கப்பட்ட மிதவைகள். ஒவ்வொரு படகு வந்து உரசும்போதும் அது அசைகிறது. கண்ணுக்கு அசைவு தெரியாவிட்டாலும், அதன் மேல் முக்காலியை நிறுத்தி ஷட்டரை எட்டு வினாடி திறந்து வைத்தால் எதிர்க்கரை விளக்குகள் அனைத்தும் இரட்டையாகிவிடும். அந்தி நேர நீண்ட ஒளிப்பதிவுக்கு மிதவையை விட்டு மேலே ஏறி, ஷ்டின்ட்ஃபாங் என்னும் குன்றின் மேடைக்கோ, இன்னும் மேற்கே ஆல்டோனா பால்கனி என்ற பூங்காவுக்கோ போக வேண்டும். பின்னதிலிருந்து கன்டெய்னர் முனையங்களும், 1974இல் திறக்கப்பட்ட கோல்பிராண்ட் பாலமும் தெரியும். நிலத்தில் நின்றாலும் கட்டி வைத்த படகுகள் ஆடும் என்பதால், அவை முன்னணியில் இருக்குமானால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, உயர்த்தி ஒளிப்பதிவை அரை வினாடிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அந்தி அங்கே நீளமானது என்பது ஒரு பெரிய வசதி. சென்னையில் சூரியன் மறைந்தபின் பயன்படுத்தத்தக்க வெளிச்சம் இருபது நிமிடங்களைச் சற்றே தாண்டும். மே மாத ஹாம்பர்க்கில் அது சுமார் 40 நிமிடங்கள் நீடிக்கிறது. நீல வானமும் மஞ்சள் விளக்குகளும் சமமாக நிற்கும் அந்த நேரத்தில் அவசரப்படாமல் இரண்டு மூன்று இடங்களுக்கு நகரலாம்.

இனி, நீங்கள் உண்மையில் கேட்ட, கரையோரம் பொழுது கழிக்கும் மக்கள். லாண்டுங்ஸ்ப்ரூக்கனிலிருந்து ஃபிங்கன்வெர்டர் வரை செல்லும் 62ஆம் எண் படகு நகரப் பேருந்துச் சீட்டிலேயே ஏறத்தக்க பொதுப் போக்குவரத்து. பல நூறு யூரோ தனிப்படகுப் பயணத்தைவிட இதுவே படமெடுக்கச் சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் மேல்தளத்தில் உங்களுக்கு முன்னால் ஊர்க்காரர்களே அமர்ந்திருக்கிறார்கள். மிதிவண்டியோடு ஏறியவர், காற்றில் பறக்கும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு பேசும் இளம்பெண்கள், பேரனுக்குக் கப்பலின் பெயரை வாசித்துக் காட்டும் முதியவர் ஆகியோரை 24 முதல் 35 மில்லிமீட்டர் அளவில் முன்னணியில் வைத்து, பின்னால் பாரந்தூக்கிகளும் கப்பல்களும் நகரும்படி எடுக்கலாம். இயந்திர அதிர்வு இருப்பதால் கைப்பிடிக் கம்பியில் கேமராவைச் சாய்க்காதீர்கள். உடலோடு ஒட்டிப் பிடித்து, ஷட்டரை 1/500 வினாடியோ அதற்கும் வேகமாகவோ வைத்துக்கொள்ளுங்கள். வழியில் டாக்லாண்ட் என்ற நிறுத்தத்தில் கப்பல் முனை போலச் சரிந்த ஓர் அலுவலகக் கட்டிடம் உண்டு. அதன் வெளிப்படிகளில் எவரும் ஏறலாம்; மாலையில் அங்கே அமர்ந்து மேற்கே வரும் கப்பல்களைப் பார்ப்பது அந்த ஊர் இளைஞர்களின் வழக்கம். படிகளின் கோடுகளும் அமர்ந்திருப்போரின் முதுகுகளும் சேர்ந்து தாமாகவே நல்ல அமைப்பைத் தருகின்றன.

அதற்கடுத்த நொய்மூலன் நிறுத்தத்தில் இறங்குங்கள். எனக்கு இந்தத் துறைமுகத்திலேயே மிகவும் பிடித்த இடம் இங்கிருந்து தொடங்கும் ஓவெல்கோனே கரைதான், உங்களுக்கும் மூன்று நான்கு மாலைகளை இங்கேயே செலவிடுமாறு பரிந்துரைக்கிறேன். முதலில், இறங்கும் இடத்திலேயே ஓர் அருங்காட்சியகத் துறை இருக்கிறது. 1888ஆம் ஆண்டின் எல்பே 3 என்ற விளக்குக் கப்பல், நீராவி இழுவைப் படகுகள், பழைய சரக்குத் தோணிகள் முதலியவை அங்கே கட்டப்பட்டிருக்கின்றன. இவற்றைப் பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள். குளிர்காலத்துக்குப் பிறகு துரு சுரண்டுவதும், வண்ணம் பூசுவதும், கயிறு மாற்றுவதும் வசந்தத்தில்தான் சுறுசுறுப்பாக நடக்கின்றன. சிவப்பு ஈயவண்ணம் படிந்த கை, பித்தளையைத் துடைக்கும் துணி, திறந்து வைத்த இயந்திர அறையிலிருந்து எட்டிப் பார்க்கும் முகம் ஆகியவற்றில் அந்தப் பருவம் இருக்கிறது. முழுக் கப்பலையும் சட்டகத்துக்குள் அடக்கும்போது அது தொலைந்துவிடுகிறது. வணக்கம் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், கப்பலின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வார்கள்.

துறையைத் தாண்டினால் ஆற்றங்கரை மணல். வெயில் வந்த முதல் வார இறுதியிலேயே ஊர் முழுதும் அங்கே வந்துவிடுகிறது. மணலில் விரிப்பு, நாய்கள், குழந்தைகள், ஆங்காங்கே இறைச்சி வாட்டும் அடுப்புகள். அவற்றுக்கு நேர் எதிரே, ஆற்றின் மறுபுறம் கன்டெய்னர் முனையம். 400 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று இழுவைப் படகுகளின் துணையோடு அந்த மக்களின் தலைக்குப் பின்னால் நகர்ந்து போகும்போது, ஒரு பக்கம் உலக வாணிபமும் மறு பக்கம் ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமையும் ஒரே சட்டகத்தில் நிற்கின்றன. நீங்கள் தேடும் உயிர் இங்கேதான் கிடைக்கும். இதற்கு மனிதர்களுக்கு அருகில் அகலக் கோணத்தில் நிற்கக் கூடாது. அப்போது கப்பல் சிறுத்துப் பின்னால் ஓடிவிடும். நன்றாகப் பின்வாங்கி, 200 அல்லது 300 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தால், மணல்வீடு கட்டும் குழந்தையின் பின்னால் கப்பலின் பக்கச்சுவர் சட்டகத்தின் மேல்விளிம்பு வரை எழுந்து நிற்கும். லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப்/8 அல்லது எஃப்/11 அளவுக்குக் குறுக்கி, கப்பலின் பெயரும் கன்டெய்னர்களின் நிறங்களும் ஓரளவு தெளியும்படி விடுங்கள். முழுக்க மங்கலாக்கினால் பின்னணி வெறும் வண்ணச்சுவராகிவிடும், அதைக் கப்பல் என்று யாரும் அறியமாட்டார்கள்.

எந்தக் கப்பலுக்குக் காத்திருப்பது என்பதற்கும் திசைக்கணக்கு உதவுகிறது. உள்ளே வரும் கப்பல் கிழக்கு நோக்கியும் வெளியேறும் கப்பல் மேற்கு நோக்கியும் செல்கிறது. எனவே காலையில் உள்ளே வரும் கப்பலின் முகத்திலும், மாலையில் வெளியேறும் கப்பலின் முகத்திலும் வெயில் விழுகிறது. எதிர்த்திசைக் கப்பல்களின் முகம் நிழலில் இருக்கும். கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் செயலிகள் கைபேசியிலேயே உள்ளன. அவற்றில் வருகை நேரத்தைப் பார்த்து அரை மணி நேரம் முன்னதாக மணலில் இடம் பிடித்தால், கப்பல் வரும்போது முன்னணியில் யார் இருக்க வேண்டும் என்பதை நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்திருப்பீர்கள். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பெரிய கப்பல் கடக்கும்போது முதலில் கரையோர நீர் உள்வாங்கி, சிறிது நேரம் கழித்து அலையாகத் திரும்பி வருகிறது. கப்பல் போய்விட்டது என்று எண்ணிப் பையை நீர்விளிம்பில் வைத்தவர்களின் லென்ஸ்கள் அதில் நனைந்திருக்கின்றன; சிறு குழந்தைகளுக்கு அது ஆபத்தானதும்கூட.

இன்னும் மேற்கே, வேடல் என்ற சிற்றூரில், வந்துபோகும் பெரிய கப்பல்களுக்கு அவற்றின் நாட்டுக் கீதத்தை ஒலிக்கச் செய்து வரவேற்கும் நிலையம் ஒன்று 1952 முதல் இயங்குகிறது. அது ஓர் உணவகத்தின் ஆற்றங்கரை மாடத்தில் இருப்பதால், காப்பிக் கோப்பையோடு எழுந்து நின்று கையசைக்கும் மக்களை அங்கே எடுக்கலாம். கப்பலின் மேல்தளத்திலிருந்து பதிலுக்குக் கையசைப்பவர்களில் இந்திய மாலுமிகளும் உண்டு. நேரமிருந்தால் ஒரு பிற்பகல் போய் வாருங்கள்.

பாய்மரப் படகுகளுக்கு மட்டும் எல்பேயை நம்பாதீர்கள். அதற்கான இடம் நகரின் நடுவிலுள்ள ஆல்ஸ்டர் ஏரி. அணைகட்டித் தேக்கிய ஆறான இதில் ஓதம் இல்லை, சரக்குக் கப்பல் இல்லை. வெளி ஆல்ஸ்டர் எனப்படும் பெரிய பகுதி சுமார் 160 ஹெக்டேர், சுற்றி நடந்தால் ஏழரை கிலோமீட்டர் அளவு. குளிர்காலத்தை வேறொரு குளத்தில் கழித்த அன்னங்கள் மார்ச் இறுதி அல்லது ஏப்ரலில் இங்கே திரும்பக் கொண்டுவந்து விடப்படுகின்றன. படகு வாடகைத் துறைகளும் அதே காலத்தில் திறக்கின்றன. ஏப்ரல் கடைசியில், பருவம் ஒத்துழைத்தால், ஜப்பானியச் சமூகத்தினர் 1960களில் அளித்த செர்ரி மரங்கள் கரையில் பூத்திருக்கும். பூக்கிளைக்கு இடையே பாய்மரம் தெரியும் படம் எவரும் எடுப்பதுதான் என்றாலும், அதை விட்டுவிட வேண்டியதில்லை. கிளை தெளிவாகவும் படகு மங்கலாகவும், பிறகு மாற்றியும், இரண்டு வகையில் எடுத்துப் பாருங்கள்.

ஆல்ஸ்டரில் ஆறு வடக்கு தெற்காக விரிந்திருப்பதால் வெளிச்சத்தின் கணக்கு மாறுகிறது. மாலையில் மேற்குக் கரையின் புல்வெளியில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால். பாய்கள் பொன்னிறமாகத் தெரியும். அதே மாலையில் கிழக்குக் கரைக்குப் போனால் சூரியன் பாய்க்குப் பின்னால். துணி ஒளி ஊடுருவி விளக்குத்தாள்போல ஒளிர, அதன் மேல் கம்பத்தின் நிழலும் தையல்கோடுகளும் தெரியும். எனக்குப் பின்னதுதான் உயர்வாகப் படுகிறது. வெள்ளைப் பாயை எடுக்கும்போது கேமராவின் தானியங்கி அளவீடு இரு விதமாகத் தவறுகிறது: பின்னணியில் கரும்பச்சை மரங்கள் அதிகமென்றால் பாய் வெளுத்து விவரம் இழக்கும், வெண்மேகம் அதிகமென்றால் பாய் சாம்பலாகிவிடும். முதல் நிலையில் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் அளவு குறைத்தும், இரண்டாவதில் அதே அளவு கூட்டியும் வைத்து, ஒளி அளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது விளிம்பில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று வலுத்துப் படகு சாயும்போது அதில் இருப்பவர்கள் எதிர்ப்பக்கம் வெளியே சரிந்து உட்காருவார்கள். படகின் பக்கவாட்டில் நின்றால் பாயோ முதுகோதான் கிடைக்கும். படகு உங்களை நோக்கிச் சாய்வாக வரும்போது முன்பக்கக் கோணத்தில் எடுத்தால் பாயும் முகமும் கயிற்றை இறுக்கும் கையும் ஒன்றாக வரும். 1/1000 வினாடி இதற்குப் போதும்.

துடுப்புப் படகுகளுக்கு இதற்கு நேர்மாறான விதி. பந்தயத் துடுப்புப் படகில் துடுப்பு வலிப்பவர்கள் படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்கிறார்கள். எனவே உங்களை நோக்கி வரும் படகில் முதுகுகள் மட்டுமே கிடைக்கும். கடந்துபோன படகில்தான் முகங்கள். ஏரியின் வடமுனையில் உள்ள க்ரூக்கோப்பல் பாலத்தின் மேல் நின்று, படகு பாலத்துக்கு அடியில் நுழைந்து மறுபுறம் வெளிப்படும் பக்கத்தில் காத்திருங்கள். முதுகைப் பின்னுக்குச் சாய்த்து முழு வலுவோடு இழுக்கும் முகங்கள் மேல்நோக்கித் தெரியும், துடுப்புகள் இரண்டு பக்கமும் சமச்சீராக விரிந்திருக்கும். துடுப்பு நீரில் புதையும் கணமும், வெளியே எடுக்கும்போது நீர்த்துளிகள் வரிசையாகச் சொட்டும் கணமும் எடுக்கத்தக்கவை. இடைப்பட்ட அசைவுகளில் உடல்கள் மடங்கி அழகு குறைகிறது. கயாக், கனூ ஓட்டுபவர்கள் முன்னோக்கியே அமர்வதால் அவர்களை எதிர்கொண்டு எடுக்கலாம். நின்றபடி பலகையில் துடுப்பு போடுபவர்களை, காற்றில்லாத அதிகாலையில், நிழல் நீரில் நீளும்படி தாழ்வான துறைமேடையிலிருந்து எடுங்கள்.

உங்கள் பயண நாட்களுக்குள் துறைமுகப் பிறந்தநாள் விழாவும் வரக்கூடும். 1189ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா சுங்கவிலக்கு அளித்ததாகச் சொல்லப்படும் பட்டயத்தை முன்னிட்டு, அந்தத் தேதியை ஒட்டிய வார இறுதியில் கொண்டாடுகிறார்கள். பட்டயம் பின்னாளில் புனையப்பட்டது என்பது வரலாற்றாய்வாளர்களின் கருத்து. கொண்டாட்டம் அதனால் குறைவதில்லை. வெள்ளியன்று கப்பல்கள் அணிவகுத்து உள்ளே வருவதும், சனியன்று இழுவைப் படகுகள் இசைக்கேற்பச் சுழன்று ஆடுவதும், ஞாயிறன்று வெளியேறும் அணிவகுப்பும் முக்கிய நிகழ்ச்சிகள். இழுவைப் படகுகளின் ஆட்டத்தை 1/30 வினாடியில், கேமராவைப் படகோடு சேர்த்துத் திருப்பியபடி எடுத்தால் நுரை கோடுகளாக இழுபட, படகு மட்டும் நிலைத்திருக்கும். பத்தில் ஒன்று சரியாக அமைந்தாலே நல்ல விளைச்சல். அணிவகுப்பை மட்டும் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் நெரிசலில் நின்று எடுக்க முயலாதீர்கள், ஓவெல்கோனேவுக்கோ ஆல்டோனா பால்கனிக்கோ போய்விடுங்கள். அங்கே கப்பல்களும் கிடைக்கும், அவற்றைப் பார்க்க வந்த குடும்பங்களும் கிடைக்கும். கப்பலைவிட, தந்தையின் தோளில் அமர்ந்து கப்பலைப் பார்க்கும் குழந்தையின் படமே பத்து ஆண்டுகள் கழித்தும் அந்த நாளைச் சொல்லும்.

ஞாயிறு அதிகாலை மீன்சந்தையையும் தவறவிடாதீர்கள். 1703 முதல் நடைபெறும் இந்தச் சந்தை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை ஐந்து மணிக்கே தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடுகிறது. இரவு முழுதும் விழித்திருந்த இளைஞர்களும் விடியலில் எழுந்த முதியவர்களும் ஒரே மேசையில் மீன்ரொட்டி தின்பது அங்கே இயல்பான காட்சி. வெளிச்சமும் மேலே சொன்ன காலைக் கணக்கின்படி வடகரைக்குச் சாதகமாக இருக்கும்.

பருவநிலை பற்றிச் சிறிது. ஏப்ரல் இறுதியில் ஒரே நாளில் வெயில், மழை, ஆலங்கட்டி எல்லாம் வரலாம். மழை மேகம் கடந்து போனவுடன் வரும் காற்று மிகத் தெளிவானது. கருமேகத்தின் முன்னால் வெயில் பட்ட பாய்மரம் தெரியும் அந்தப் பத்து நிமிடங்களுக்காகவே மழையில் ஒதுங்கி நிற்கலாம். போலரைசர் வடிகட்டியை நீரின் கூசலைக் குறைக்க வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிரதிபலிப்பு வேண்டிய இடங்களில், குறிப்பாக எல்ப்ஃபில்ஹார்மோனிக்கு அருகே மரபுக் கப்பல்கள் நிற்கும் சாண்ட்டோர் துறையில், அதைக் கழற்றிவிடுங்கள். கடுங்காற்று வீசும் ஆற்றின் மேல் 15 பாகை வெப்பம் நமக்கு மிகக் குளிராகத் தோன்றும்; விரல் நுனி திறந்த கையுறை ஒன்று உதவும்.

கடைசியாகச் சட்டம், ஏனெனில் படங்களை இணையத்தில் வெளியிட எண்ணியிருக்கிறீர்கள். ஜெர்மனியில் ஒருவரின் உருவப்படத்தை வெளியிட அவரது ஒப்புதல் வேண்டும் என்பது 1907ஆம் ஆண்டு முதலே சட்டம். நிலக்காட்சியில் தற்செயலாக இடம்பெறுபவர்களுக்கும், ஊர்வலம், கூட்டம் போன்றவற்றில் பங்கேற்பவர்களுக்கும் அதில் விலக்கு உண்டு. ஆகவே மணலில் பின்னால் திரும்பி நிற்கும் சிறு உருவங்களும் விழாக் கூட்டமும் பொதுவாகச் சிக்கல் தரா. ஒரு முகம் படத்தின் பொருளாகிவிட்டால் எடுத்த உடனே திரையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். குழந்தை என்றால் எடுப்பதற்கு முன்பே பெற்றோரிடம் கேளுங்கள். கப்பல்களுக்கு நிலைமை எளிது. பயணக் கப்பலொன்றின் முகப்பில் வரைந்த உதட்டோவியம் பற்றிய வழக்கில், கப்பல் இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் அது பொதுவெளியில் நிலையாக உள்ள படைப்பாகவே கருதப்படும், பொது இடத்திலிருந்து எடுத்த படத்தை வெளியிடலாம் என்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஆனால் காப்புரிமையுள்ள கட்டிடங்களையும் கலைப்படைப்புகளையும் டிரோனில் எடுத்த படங்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்று அதே நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. துறைமுகத்தின் மேல் டிரோன் பறக்கவிடுவதற்கே கடும் கட்டுப்பாடுகள் உள்ளன என்பதால் அதை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.